வாசிகசாலை மேசையும் செய்தி ஓடையும்

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் பலர் வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்: "உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தாச்சா?" வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெள்ளாமை செய்தவருக்கு அதன் பதில் வேண்டும். வாவியோரம் வீடு உள்ளவருக்கு வேண்டும். தினமும் பாலம் கடந்து அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியைக்கும் வேண்டும். பதில் வராமலும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழும். கதவுகளால் தண்ணீர் சீறிப் பாயும், கீழே "அவசரம், எல்லோருக்கும் பகிரவும்" என்று இருக்கும். அது இன்றைக்கு எடுத்த படமா, போன மாரியில் எடுத்ததா, அதற்கும் முந்தியதா என்று அறிய ஒரு வழியும் இராது. முகநூலில் வேறு விதமான சிக்கல். முந்தாநாள் போட்ட எச்சரிக்கை இன்று காலை முதலாவதாக நிற்கும். இன்று காலை போட்டது நாளைக்குத்தான் கண்ணில் படும், அதுவும் பட்டால்.

இந்த இரண்டிலும் இல்லாதது திகதி வரிசை. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது, எதை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்ற சாதாரணக் கணக்கு. அந்தக் கணக்கை வாசகரின் கையிலேயே விட்டுவைக்கும், செய்தி ஓடை என்ற பழைய ஏற்பாடு ஒன்று இணையத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்தாண்டுக்கு மேலாக நான் செய்தி வாசிப்பது அதன் வழியாகத்தான். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு, கணினி படிப்பவர்களுக்குக்கூட, இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊர்களில் சந்திக்குச் சந்தி வாசிகசாலை இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். நீள மேசை, இரண்டு பக்கமும் வாங்கு, மேசையில் வீரகேசரியும் தினகரனும், பிற்காலத்தில் தினக்குரலும். ஒரே பத்திரிகையை நாலு பேர் தாள் தாளாகப் பிரித்து வாசிப்பார்கள். விளையாட்டுப் பக்கம் ஒருவரிடம், மரண அறிவித்தல் இன்னொருவரிடம். வாசிகசாலையின் வேலை பத்திரிகையை வாங்கி மேசையில் போடுவதோடு முடிந்துவிடும். எதை முதலில் வாசிப்பது, எதைத் தள்ளிவைப்பது என்பதெல்லாம் வாங்கில் இருப்பவரின் பாடு. ஓடை வாசிப்பான் என்று தமிழில் சொல்லப்படும் செயலியும் அப்படி ஒரு மேசைதான். அந்த மேசையில் என்னென்ன பத்திரிகை போட வேண்டும் என்பதையும் நாமே சொல்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

ஓடை என்பது என்ன?

ஒரு செய்தித்தளமோ வலைப்பதிவோ நம் கண்ணுக்குக் காட்டும் பக்கத்தைத் தவிர, பின்னால் இன்னொரு கோப்பையும் வைத்திருக்கும். அதில் அலங்காரம் கிடையாது. கடைசியாக வெளியான பத்து, இருபது ஆக்கங்களின் தலைப்பு, இணைப்பு, வெளியான திகதியும் நேரமும், ஒரு சுருக்கம் அல்லது முழுக் கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அடையாளம். அவ்வளவுதான். இதைத்தான் செய்தி ஓடை என்கிறோம். எக்ஸ்.எம்.எல். என்ற ஒழுங்கில் எழுதப்பட்டிருப்பதால் எந்தச் செயலியும் அதை வாசித்துப் புரிந்துகொள்ளும். இந்த ஓடைகளுக்கு இரண்டு வடிவங்கள் வழக்கில் உள்ளன: ஆர்.எஸ்.எஸ்., ஆட்டம். முதலாவது பெயரில் இந்தியாவில் ஓர் அமைப்பு இருப்பதால் தமிழில் தேடுபவர்கள் வேறெங்கோ போய்ச் சேர்வதுண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நாம் ஒரு தளத்தின் ஓடையை வாசிப்பானில் சேர்த்துவிட்டால், அது குறிப்பிட்ட இடைவெளியில் அந்தத் தளத்திடம் போய்க் கேட்டுக்கொண்டே இருக்கும். சந்திக் கடையில் "பேப்பர் வந்திட்டா?" என்று விசாரிப்பது மாதிரி. புதிதாக ஒன்றும் இல்லையென்றால் தளம் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாக அனுப்பும். "போன தரம் வந்து பார்த்ததிலிருந்து மாற்றமில்லை" என்பது அதன் பொருள். கோப்பை அனுப்பவே மாட்டாது. புதிதாக ஏதும் இருந்தால்தான் கோப்பு இறங்கும். வாசிப்பான் அடையாளங்களை ஒப்பிட்டு, நாம் இன்னும் பார்க்காதவற்றைத் தடித்த எழுத்தில் காட்டும். வாசித்து முடித்தால் எழுத்து மெலியும். எல்லாம் முடிந்தால் பட்டியல் வெறுமையாகிவிடும். செய்தி வாசிப்பதற்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதையே பலர் மறந்துவிட்ட காலம் இது. முகநூலில் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. ஓடையில் இருபது செய்தி வந்தால் இருபதுதான். பிறகு எழும்பிப் போய் வேறு வேலை பார்க்கலாம்.

டேட்டா கணக்கும் சின்ன விஷயம் இல்லை. விளம்பரமும் படமும் நிறைந்த ஒரு செய்தித்தளத்தின் முகப்பு இரண்டு மெகாபைட்டைத் தாண்டுவது இன்று சாதாரணம். எழுத்து மட்டுமே உள்ள ஓடைக் கோப்பு பெரும்பாலும் சில பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ரீலோட் போட்டு நாளைக் கணக்குப் பார்த்து இணையம் பாவிக்கும் வீட்டில் இது பெரிய ஆறுதல். அதோடு, ஒருதரம் இறங்கிய செய்தி போனிலேயே இருக்கும். கொழும்பு பஸ்ஸில் ஏறமுன் வீட்டு இணைப்பில் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டால், வழியில் சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் வாசிப்பு தடைப்படாது.

இது தொடங்கிய கதை

ஆர்.எஸ்.எஸ். ஓடையின் முதல் வடிவம் 1999 மார்ச் மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். மற்றவர் டான் லிபி. நெட்ஸ்கேப் விரைவிலேயே இதைக் கைவிட்டுவிட்டது. பிறகு டேவ் வைனர் என்பவர் தன் சிறிய நிறுவனத்தில் இருந்து அதை வளர்த்தெடுத்தார். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் இன்னொரு குழு 1.0 என்ற வேறொரு வடிவத்தை வெளியிட்டது. அந்தக் குழுவில் ஆரோன் சுவார்ட்ஸ் இருந்தார். அப்போது அவருக்கு வயது 14. சண்டை சச்சரவெல்லாம் நடந்து, 2002இல் வைனரின் 2.0 வந்தது. அடுத்த ஆண்டு அதன் உரிமை ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு மையத்துக்குக் கையளிக்கப்பட்டது. ஆட்டம் வடிவம் 2005 டிசம்பரில் இணையத் தரநிலையாக வெளியானது.

வாசகருக்கு இந்தச் சண்டைகளால் இன்று ஒரு குறையும் இல்லை. அநேகமாக எல்லா வாசிப்பானும் எல்லா வடிவத்தையும் ஏற்கும். ஆனால் இந்த வரலாற்றில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதே 2000ஆம் ஆண்டில் வைனர் வெளியிட்ட 0.92 வடிவத்தில் ஒலிக்கோப்பை இணைத்து அனுப்ப ஒரு வசதியைச் சேர்த்தார். சில ஆண்டுகள் கழித்து அதன் மேல் எழுந்ததுதான் பொட்காஸ்ட். இன்று பொட்காஸ்ட் கேட்கிறவர்களில் பலர் தெரிந்தோ தெரியாமலோ ஆர்.எஸ்.எஸ். ஓடையைத்தான் பாவிக்கிறார்கள். "அது செத்துப்போன தொழில்நுட்பம்" என்று யாராவது சொன்னால் நான் காட்டும் முதல் சாட்சி இதுதான்.

தமிழுக்கு வந்தபோது

நம் பக்கத்தில் கணினித் தமிழ் என்றால் நெடுங்காலம் பாமினிதான். அச்சகத்தில் பாமினி, கந்தோரில் பாமினி, செய்தித்தளத்திலும் பாமினி. பாமினி எழுத்துரு உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகத்தைப் போட்டுவைத்த ஏற்பாடு. அந்த முகத்தை எடுத்துவிட்டால் "தமிழ்" என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். தளத்தில் எழுத்துருவை இறக்கி வைத்தவருக்குத் தமிழாகத் தெரியும். ஓடை வாசிப்பானோ தன்னுடைய எழுத்துருவில்தான் காட்டும். ஆகவே பாமினித் தளத்தின் ஓடை என்றால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டமே திரையில் வரும்.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது ஏற்பாடு யூனிகோட். 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் அதில் இடம்பிடித்துவிட்டது. ஆனாலும் வீட்டுக் கணினிகளில் அது ஒழுங்காக வேலைசெய்ய 2000ஆம் ஆண்டுகள் வரவேண்டியிருந்தது. வலைப்பதிவுகள் தமிழில் முளைத்ததும் அந்த நேரத்தில்தான். இரண்டும் ஒன்றாக வந்ததால்தான் தமிழ் ஓடைகள் சாத்தியமாயின. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணத்தை உருவாக்கினார். தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, புதிய பதிவுகளை வந்த வரிசையில் காட்டும் திரட்டி அது. கோயம்புத்தூரில் எழுதியவரும் கல்முனையில் எழுதியவரும் டொரன்டோவில் எழுதியவரும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நின்றார்கள். யாருடைய பதிவுக்கு மறுமொழி வந்திருக்கிறது என்பதும் தெரியும். பதிவர் என்ற சொல்லும் மறுமொழி என்ற சொல்லும் நம் வாயில் பழகியது அந்தக் காலத்தில்தான். ஒரு பெரிய வாசிகசாலை மேசை என்றுதான் அதை நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூடப்பட்டவையும் மூட முடியாததும்

கூகுள் ரீடர் என்ற வாசிப்பான் 2005 அக்டோபரில் வந்தது. இலவசம், வேகம், எழுத்துச் சிக்கலும் இல்லை. அதற்கு முன்னிருந்த பல வாசிப்பான்கள் அதன் நிழலில் வாடிப்போயின. 2013 மார்ச் 13ஆம் திகதி அதை மூடப்போவதாக அறிவித்தார்கள், ஜூலை 1ஆம் திகதி மூடினார்கள். அதே ஆண்டில் டுவிட்டரும் தன் ஓடைகளை நிறுத்தியது. முகநூல் பக்கங்களுக்கும் ஒருகாலத்தில் ஓடை இருந்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். 2018 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி தனக்குள் இருந்த ஓடை வசதியை நீக்கியது. முகவரிப் பட்டையில் வழக்கமாகத் தெரிந்த செம்மஞ்சள் சின்னம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கண்ணிலிருந்து மறைந்திருந்தது. சின்னம் மறைந்ததும் ஓடையே இல்லாமற் போய்விட்டதாக மக்கள் எண்ணிக்கொண்டார்கள்.

ஓடை போகவில்லை. ரீடர் மூடப்பட்டபோது அதில் இருந்தவர்கள் இழந்தது வாசிப்பானை மட்டும்தான். ஓடைகள் அந்தந்தத் தளங்களில் அப்படியே இருந்தன. நாம் பின்தொடரும் ஓடைகளின் முழுப் பட்டியலையும் ஓ.பி.எம்.எல். என்ற ஒரு சின்னக் கோப்பாக வெளியே எடுத்து, வேறு வாசிப்பானில் போட்டால் ஐந்து நிமிடத்தில் பழையபடி வாசிக்கலாம். வீடு மாறும்போது புத்தக அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. முகநூலில் பத்து வருஷமாகச் சேர்த்த பக்கங்களையும் குழுக்களையும் இப்படி வேறொரு இடத்துக்கு எடுத்துப் போக முடியுமா? முடியாது. ஓடையை நான் இவ்வளவு மதிப்பதற்கு இதுதான் முதற் காரணம்: எந்த நிறுவனமும் அதற்கு முதலாளி இல்லை.

சமூக வலைத்தளங்களை முடக்கிய நாட்கள்

நம் மாவட்டங்களில் இதைப் பற்றிப் பேசும்போது 2018ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரத்தில், முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் கொத்தில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு பொய் பரவியது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அங்கே எடுத்த வீடியோ முகநூலில் நாடு முழுக்கப் போனது. சில நாளில் கண்டி மாவட்டம் எரிந்தது. உணவில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பிறகு சொன்னது. அந்த உண்மை பொய் போன வேகத்தில் போகவில்லை. 2020 மே மாதம் முகநூல் நிறுவனம் அந்த வன்முறையில் தன் தளம் பாவிக்கப்பட்டதற்காக மன்னிப்புக் கேட்டது.

அந்த மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கி ஒரு வாரமளவு வைத்திருந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்த அந்த நாளில் மீண்டும் முடக்கம். மாத முடிவு வரை அது நீடித்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு தடவை, பதினைந்து மணித்தியாலம்.

சீயோன் நாளை நினைக்க இன்றும் மனம் பதறுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களும், இரத்தம் கொடுக்கப் போனவர்களும், வெளிநாட்டில் இருந்து தொலைபேசி எடுத்தபடி இருந்த உறவுகளும் எல்லோரும் கேட்டது ஒரு நம்பிக்கையான செய்தியைத்தான். முகநூல் முடங்கியிருந்தது. செய்தித்தளங்கள் முடங்கவில்லை. ஆனால் எங்களில் பெரும்பாலோருக்குச் செய்தித்தளத்துக்குப் போகும் பாதையே முகநூலாக இருந்தது. அந்தக் கதவு பூட்டினதும் செய்தியே பூட்டுப்பட்டது போல ஆகிவிட்டது. என் வாசிப்பானில் ஏழெட்டுத் தளங்களின் ஓடை வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தளம் முதலில் போட்ட தகவலைப் பிறகு திருத்தியதும், இன்னொரு தளம் உறுதிப்படாததைப் போடாமல் விட்டதும் பக்கம் பக்கமாகத் தெரிந்தன. முடக்கம் சரியா பிழையா என்பது பெரிய வாதம், அது இங்கே வேண்டாம். வாசகராக நான் அன்று கற்றுக்கொண்டது, ஒரே வாசலை நம்பி வீட்டைக் கட்டக்கூடாது என்பது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓடை வாசிப்பானை அபாய அறிவிப்புக் கருவியாக யாரும் நினைக்க வேண்டாம். இலவச வாசிப்பான்கள் சில ஓடைகளைச் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் போய்ப் பார்க்கும். உலகில் எங்கே பெரிய நிலநடுக்கம் வந்தாலும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அதை ஓடையில் போடுகிறது. நானும் அதைப் பின்தொடர்கிறேன். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரையில் பிறந்தவனுக்கு அந்தப் பழக்கம் இயல்பாகவே வரும். ஆனால் 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடல் நடுங்கியபோது இங்கே சனங்கள் ஓடியது ஒலிபெருக்கியையும் வானொலியையும் கேட்டு. அதுதான் சரி. சைரன் ஒலித்தால் எழும்பி ஓட வேண்டும், போனை எடுத்து வாசிப்பானைத் திறந்துகொண்டு இருக்கக்கூடாது.

மின்னஞ்சலில் வரும் பொதி

வாசிப்பான் எல்லாருக்கும் ஒத்துவராது. என் மாமா ஒருவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். புதிதாக ஒரு செயலியைப் போடச் சொன்னால் முகம் சுளிப்பார். ஆனால் காலையில் மின்னஞ்சலைத் திறப்பது அவருக்கு அந்தக் காலத்துத் தபால் பையைத் திறப்பது போல. அவருக்கு நான் செய்து கொடுத்தது தினத்தொகுப்பு. ஓடைகளைப் பார்த்து, ஒரு நாளில் வந்ததை எல்லாம் ஒன்றாகக் கட்டி, குறித்த நேரத்துக்கு ஒரே மின்னஞ்சலாக அனுப்பும் சேவைகள் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு ஒரு கடிதம். அதற்குள் ஐந்து தளங்களின் தலைப்புகள். "தம்பி, இன்டைக்குத் தபால் வரேல்ல" என்று அவர் தொலைபேசி எடுத்தால், ஏதோ ஒரு ஓடையின் முகவரி மாறிவிட்டது என்று எனக்கு விளங்கும்.

மின்னஞ்சலின் பலம், அது எல்லோரிடமும் இருப்பது. பலவீனம், அனுப்புபவரிடம் நம் முகவரி போய்விடுவது. ஓடையைப் பின்தொடர்ந்தால் நாம் யாரென்று எழுதியவருக்குத் தெரிய வேண்டியதில்லை. செய்திமடலுக்குப் பதிந்தால் பெயரும் முகவரியும் அவரிடம் இருக்கும். கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து, நாம் எப்போது திறந்தோம் என்பதையும் பலர் கணக்கெடுக்கிறார்கள். படங்களைத் தானாக இறக்காதபடி மின்னஞ்சலில் அமைத்துவிட்டால் இதில் பெரும்பகுதி நின்றுவிடும். 2024இலிருந்து ஜிமெயிலும் யாகூவும் பெருந்தொகையாக அனுப்புபவர்களுக்கு ஒரே சொடுக்கில் விலகும் வசதியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வேண்டாத கடிதத்தை அழித்துக்கொண்டே இருப்பதைவிட, அதைப் பாவித்து விலகிவிடுவது நல்லது.

இன்னொரு பாடமும் உண்டு. பிளாகரில் எழுதிய தமிழ்ப் பதிவர்கள் பலர், மின்னஞ்சலில் தொடரும் வசதிக்கு ஃபீட்பர்னர் சேவையை நம்பியிருந்தார்கள். 2021 ஜூலையில் அதன் மின்னஞ்சல் பகுதி நிறுத்தப்பட்டது. வாசகர் பட்டியலை முன்கூட்டியே இறக்கி வைக்காத பதிவருக்கு, தன் எழுத்தை இத்தனை காலம் யார் வாசித்தார் என்பதே தெரியாமற் போனது. ஓடைவழி வாசித்தவர்கள் மட்டும் விடுபடாமல் இருந்தார்கள்.

வெள்ளமும் வெள்ளியும்

தமிழ் ஓடைகளைப் பின்தொடர்பவருக்கு விசேஷமாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலக் கையேடுகளில் இது இருக்காது. வாசிப்பான்களில் சொல் வடிகட்டி இருக்கும். ஒரு குறிப்பிட்ட சொல் உள்ள செய்தியை மட்டும் காட்டு என்று சொல்லலாம். நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் செய்தி போடும் கொழும்புத் தளங்களிலிருந்து நம் மாவட்டச் செய்தியை மட்டும் பிரித்தெடுக்க அதுதான் வழி. ஆனால் "மட்டக்களப்பு" என்று கொடுத்தால் பாதிச் செய்தி தப்பிவிடும். மட்டக்களப்பில், மட்டக்களப்பின், மட்டக்களப்பிலிருந்து என்று வேற்றுமை உருபு ஏறினதும் கடைசி உகரம் போய்விடுகிறதே. அதனால் உகரத்தை விட்டு, "மட்டக்களப்ப" என்று அரைகுறையாகக் கொடுக்க வேண்டும். யூனிகோடில் பகரத்துக்குப் பின்தான் உயிர்க்குறி வருகிறது என்பதால் எல்லா வடிவமும் அதில் அகப்படும். அம்பாறை, கல்முனை இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அம்பாறையில், கல்முனைக்கு என்று எப்படி வந்தாலும் அடி மாறாது. "குளம்" என்பதற்குக் "குள" என்று கொடுத்தால் குளத்தின், குளங்கள் எல்லாம் வரும். "வெள்ளம்" என்பதற்கு "வெள்ள" என்று கொடுத்தேன். வெள்ளத்தோடு வெள்ளிக்கிழமையும் வெள்ளையும் சேர்ந்து வந்து நிறைந்தன. பிறகு "வெள்ளம்", "வெள்ளத்த" என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்து ஒருவாறு சரிசெய்தேன்.

கூகுள் அலர்ட்ஸ் சேவையில் ஒரு சொல்லைக் கொடுத்து, முடிவுகளை மின்னஞ்சலாகவோ ஓடையாகவோ பெறலாம். ஊர்ப் பெயர்களுக்கு நான் அதை வைத்திருக்கிறேன். உருபு ஏறிய வடிவங்களைத் தனித்தனியாகக் கொடுப்பதே பத்திரம்.

நம் தெருவின் செய்தி

இனி எனக்கு உண்மையிலேயே மனத்தாங்கலான விஷயத்துக்கு வருகிறேன். என் வாசிப்பானில் உலகச் செய்தி வருகிறது. கொழும்புச் செய்தி வருகிறது. யாழ்ப்பாணச் செய்தியும் வருகிறது. ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் "நூலகம்" இணையத்தளத்தில் புதிதாக என்ன ஏற்றினார்கள், தமிழ் விக்கிப்பீடியாவில் கிழக்கு மாகாணக் கட்டுரை எதை யார் திருத்தினார்கள் என்பதுகூட வருகிறது. விக்கி மென்பொருளில் அண்மைய மாற்றங்களுக்கு ஓடை இயல்பாகவே உண்டு. யூடியூப் அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் ஓடை இருக்கிறது. ஆனால் என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் நடக்கிற காரியம் ஓடையில் வருவதில்லை.

பிரதேச சபை குப்பை எடுக்கும் நாளை மாற்றினால் முகநூலில் போடுகிறது. பள்ளிக்கூடம் பழைய மாணவர் கூட்டத்தை முகநூலில் அறிவிக்கிறது. கோயில் கொடியேற்றம், கமக்காரர் அமைப்பின் கூட்டம், மின்வெட்டு, வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டுவது பற்றிய பேச்சு எல்லாம் முகநூலில், இல்லாவிட்டால் யாரோ ஒருவர் சேர்த்தால்தான் உள்ளே போகக்கூடிய வாட்ஸ்அப் குழுவில். மாலை ஆறு மணிக்கு நடந்து முடிந்த கூட்டத்தின் அறிவித்தலை மறுநாள் காலை முகநூல் எனக்குக் காட்டியது எத்தனை தடவை! இரண்டு வருஷத்துக்கு முந்தைய அறிவித்தலைத் தேடி எடுப்பதென்றால் நடவாத காரியம். உள்ளூர்ச் செய்தியை எழுதும் இளைஞர்கள் நன்றாக எழுதுகிறார்கள், வெயிலில் நின்று படம் எடுக்கிறார்கள். எல்லாம் முகநூலோடு போய்விடுகிறது. நம் வட்டையில் விளைந்ததைக் கொண்டுபோய்ப் பிறர் களஞ்சியத்தில் கொட்டிவிட்டு, நமக்கு வேண்டியபோது அவர்களிடம் போய்க் கையேந்தி நிற்கிறோம்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை. பிளாகரில் ஒரு வலைப்பதிவு இலவசம், அதற்கு ஓடை தானாகவே உருவாகும். வேர்ட்பிரஸ் பாவித்தாலும் அப்படித்தான், தள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் "ஃபீட்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் ஓடை கிடைத்துவிடும். முகநூலில் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் தன் தளத்தில் போட்டுவிட்டு, அதன் இணைப்பை முகநூலில் போட்டால் போதும். செய்தி இரண்டு இடத்திலும் இருக்கும், திகதியோடு இருக்கும், பத்து வருஷம் கழித்தும் இருக்கும். தயவுசெய்து சுருக்கத்தை மட்டும் ஓடையில் விட்டு மீதிக்குத் தளத்துக்கு வரச் சொல்லவும் வேண்டாம். விளம்பர வருமானத்துக்காகப் பெரிய தளங்கள் அப்படிச் செய்கின்றன, அவர்களின் நிலை விளங்குகிறது. ஓர் ஊர் அறிவித்தலுக்கு அது தேவையில்லை.

வாசகர்களுக்கும் தொடங்குவது லேசு. கணக்குத் திறக்க விருப்பமில்லாவிட்டால் ஆண்ட்ராய்ட் போனில் ஃபீடர் என்ற செயலி போதும், எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும். போனிலும் கணினியிலும் ஒரே பட்டியல் வேண்டுமென்றால் ஃபீட்லி, இனோரீடர் போன்றவை. கணினியில் தண்டர்பேர்ட் பாவிப்பவர்களுக்கு மின்னஞ்சலும் ஓடையும் ஒரே பெட்டியில். ஆரம்பத்தில் பத்து ஓடைக்கு மேல் சேர்க்க வேண்டாம். நாளுக்கு நூறு செய்தி போடும் தளங்களைத் தனிக் கோப்புறையில் வையுங்கள், மாதத்துக்கு ஒன்று எழுதுபவர்களை வேறாக வையுங்கள். இல்லாவிட்டால் மெதுவாக எழுதுபவர் வேகமாக எழுதுபவரின் காலடியில் காணாமற் போய்விடுவார்.

அந்த மெதுவாக எழுதுபவர்களுக்கான கோப்புறைதான் எனக்குப் பிரியமானது. அதில் பதின்னாலு வலைப்பதிவுகள். பாதிக்கு மேல் ஓய்ந்து கிடக்கின்றன. படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து கூத்தைப் பற்றி எழுதிவந்த பதிவர் ஒருவரும் அதில் இருக்கிறார். வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்தில் உள்ள வேறுபாடு, களரி கட்டும் முறை, அண்ணாவிமார் சொல்லிய கதைகள் என்று அருமையாக எழுதுவார். நாலு வருஷம் ஒன்றும் வரவில்லை. முகநூலாக இருந்தால் அவர் பெயரே எனக்கு மறந்திருக்கும். போன பங்குனியில் ஒரு நாள் காலை அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் 1 என்று நின்றது. திறந்தேன். அடுத்த சனிக்கிழமை இரவு தங்கள் ஊரில் கூத்து அரங்கேற்றம் என்று நேரமும் இடமும் போட்டிருந்தார், வருபவர்கள் பாய் கொண்டுவந்தால் நல்லது என்றும் எழுதியிருந்தார். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். விடியும் வரை இருந்தோம்.